கத்தாதவங்களை முதல்ல பாரு

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு மொட்டைமாடிக்கு அஞ்சாறு பொண்ணுங்க வருவாங்க. திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வருகிறவர்கள். சிலர் நைட் டூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் அப்படியே வருவாங்க, கண்ணெல்லாம் சிவந்திருக்கும். இப்போ கொஞ்ச நாளாக ரெண்டு பையன்களும் வர்றாங்க. எல்லாருக்கும் இருபத்தொண்ணு, இருபத்திரண்டு வயசுதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் கேஷுவாலிட்டியில் புதுசாக வேலைக்குச் சேர்ந்தவங்க. நான் முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தவள். டியூஷன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காசு கிடையாது. வரும்போது யாராவது ரெண்டு பாக்கெட் பால் வாங்கிட்டு வருவாங்க, நான் டீ போடுவேன், அவ்வளவுதான்.

முதல் நாள் வருகிற பொண்ணுக்கு ஒரே ஒரு பரீட்சை வைப்பேன். மாடியில் அந்தக் கடைசியில் போய் நிற்கணும். நான் இந்தக் கடைசியில் துணி காயப்போட்டுக்கிட்டு இருப்பேன். "உன் பேரு, என்னா படிச்சே, எங்க வேலை பாக்கிறே, எனக்குக் கேக்கிற மாதிரி சொல்லு." அவ்வளவுதான் பரீட்சை. பாதிப் பேருக்குச் சத்தம் வராது. நரம்பே கிடைக்காத கிழவிக்கும் வென்ஃப்ளான் போட்டுவிடுகிற பொண்ணு, ரத்தத்தைக் கண்டு முகம் சுளிக்காத பொண்ணு, தன் பேரைச் சொல்லும்போது தரையைப் பார்க்கும். பேருக்குப் பின்னாடி வருகிற கேள்வி அவளுக்குத் தெரியும். "எந்த ஊரு?" அதுக்குப் பின்னாடி, "ஊரா, காலனியா?" காலனி என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடப் போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆஸ்பத்திரி கேன்டீனிலும் யாராவது அறிவித்தால் தேவலை.

என் பாட்டி மருத்துவச்சி. ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊரிலும் சுத்துப்பட்டு ஊரிலும் ஊர்த்தெருப் பிள்ளைகள் எத்தனையோ அவள் கையில்தான் விழுந்தன. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். பின்பக்க வழியாகப் போவாள். தலை திரும்பாத பிள்ளையைத் திருப்புவாள், கொடி அறுப்பாள், அழுக்கெல்லாம் வாரிக் குழி தோண்டிப் புதைப்பாள். விடிந்ததும் அவள் இருந்த இடத்தில் தண்ணி தெளித்துவிடுவார்கள். கூலி முறத்தில் வரும், கையில் வராது. அவளுக்குத் தெரியாத வைத்தியம் இல்லை. ஆனால் "இந்தப் பொம்பளைக்கு ரத்தம் நிக்கல, டவுனுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று அந்த வீட்டு ஆம்பளையிடம் சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. அங்கே இருக்கிற பெரிய பொம்பளையிடம் முணுமுணுப்பாள், அந்தம்மா இஷ்டப்பட்டால் வெளியே போய்ச் சொல்லும். அந்த நேரத்துக்குள்ளே செத்துப்போன தாய்களைப் பற்றிப் பாட்டி எனக்குச் சொல்லியிருக்கிறாள். கை நம்முடையது, வாய் அவங்களுடையது என்று நான் இந்தப் பொண்ணுங்களிடம் சொல்வது அவளை வைத்துத்தான்.

சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை நர்ஸ் வேலைக்கு அனுப்ப ரொம்ப நாள் தயங்கினார்கள் என்பது தெரிந்த சங்கதி. மலம், மூத்திரம், அந்நிய ஆம்பளை உடம்பு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். அந்த மாதிரி மிஷன் பள்ளிகளின் கதவு வழியாகத்தான் எங்களைப் போன்றவர்கள் உள்ளே நுழைந்தோம். நானும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிப் பள்ளியில் 1990இல் சேர்ந்தவள்தான். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு முதல்முறை ஊருக்குப் போனபோது பாட்டி என் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். "முன்வாசல் வழியா போவியா?" என்று கேட்டாள். "போவேன் ஆயா" என்றேன்.

1994இல் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. முன்வாசல் வழியாகத்தான் போனேன். சேர்ந்த ரெண்டாம் நாளே கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி போட்டார்கள். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. பழைய சிஸ்டர் ஒருத்தி சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, மருந்து அலமாரியைக் காட்டி, "டாக்டர் சொல்றதைச் செய், எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான். டாக்டர் ரூமில் டம்ளர்கள் இருக்கும். எனக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரை அந்த ஆயா ஜன்னலோரம் தனியாக வைக்கும். யார் சொல்லி வைத்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் யாரும் சொல்லவில்லை, தானாகத்தான் என்றிருப்பார்கள்.

1995இல் ஒரு ராத்திரி. மணி பன்னிரண்டரை இருக்கும். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், லுங்கி கட்டியிருந்தார், மூட்டை தூக்குகிற தோள். நெஞ்சு எரியுதுன்னு பொண்டாட்டி கூட்டிட்டு வந்தது. அவர் ஒண்ணும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னால்கூட உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை நனைந்திருந்தது. அது மழை இல்லாத மாசம். டூட்டி டாக்டர் தூக்கத்தில் எழுந்து வந்து எட்ட நின்றே பார்த்தார். "வாயு. ராத்திரி என்னத்தைத் தின்னே? ரானிடிடின் போட்டு அனுப்பு." நான் நாடி பிடித்திருந்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. மிஷன் பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: நெஞ்சு வலி, குளிர்ந்த வேர்வை, இடது கை கனம், முதலில் ஈ.சி.ஜி. எடு என்று. மிஷின் பத்தடி தள்ளித் துணி போட்டு மூடி இருந்தது. வாய் வரைக்கும் வந்தது, "சார், ஒரு ஈ.சி.ஜி..." என்று. வரவில்லை. ஊசி போட்டேன். அவர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார், விடியட்டும் பஸ் வரும் என்று. நாலு மணிக்குப் பொண்டாட்டி ஓடி வந்தது.

ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டால் சொல்ல முடியாது. மாரடைப்பு என்று வருகிறவருக்குப் பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாகணும் என்பது இன்றைக்கு உலகம் முழுக்க விதி. ஆஸ்பிரின் மாத்திரையை மெல்லக் கொடுக்கணும், ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து ஏற்றணும், இல்லை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அன்றைக்கே அந்த மருந்து சென்னையில் கிடைத்தது. எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. டாக்டர் மறந்திருப்பார். அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, "ஊசி போட்டீங்களேம்மா" என்று மட்டும் சொல்லிச்சு.

அந்தச் சாவுக்கு என் பயம் பாதிக் காரணம். அந்தப் பயத்தை எனக்குள்ளே யார் போட்டது என்பது வேறு கேள்வி. அதை எழுதுகிற தகுதி இந்தப் பக்கங்களைப் படிக்கிற உங்களில் பலருக்கு என்னைவிட அதிகம். எனக்குத் தெரிந்ததெல்லாம், புதுசாகக் கேஷுவாலிட்டிக்கு வருகிற ஒரு பொண்ணு பயந்தால் அதற்கு விலை கொடுப்பது அந்தப் பொண்ணு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் என்பதுதான்.

வார்டில் வேலை வேறு, கேஷுவாலிட்டியில் வேலை வேறு. வார்டுக்கு வருகிற நோயாளிக்குப் பேர் இருக்கும், நோய்க்கும் பேர் இருக்கும். கேஷுவாலிட்டிக்கு வருகிறவருக்கு ரெண்டும் இருக்காது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். யார் முதலில், யார் அப்புறம் என்று முதல் ரெண்டு நிமிஷத்தில் பிரிக்கணும். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இப்போ சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூணு வண்ணமாகப் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் இப்பவே, பச்சை என்றால் காத்திருக்கலாம். நல்ல முறை. ஆனால் வண்ணத்தை முடிவு பண்ணுகிற கண்ணு யாருடையது? புதுசாக வருகிற பொண்ணுக்குச் சத்தம் வருகிற பக்கம்தான் கண்ணு போகும். எஸ்டேட்டில் பிரஸ்ஸில் விரல் நசுங்கி வருகிற பையன் கத்துவான். கூட நாலு பேர் கத்துவார்கள். வட்டச் செயலாளருக்குப் போன் போட்டுக்கொண்டு ஒருத்தர் வருவார், அவருக்குத் தலைசுற்றல், அவர் எல்லாரையும்விடக் கத்துவார். விரல் போனவனுக்கு மூச்சு இருக்கிறது, குரல் இருக்கிறது, கத்துகிற அளவுக்கு உயிர் இருக்கிறது. துணி வைத்து அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார். ஓரத்தில் ஒண்ணும் பேசாமல் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் சிவப்பு.

"கத்தாதவங்களை முதல்ல பாரு" என்று நான் சொல்வதற்கு ரெண்டு அர்த்தம். வைத்தியத்தில் இது பழைய பாடம்: மூச்சு முட்டுகிறவனுக்குப் பேச்சு வராது, ரத்தம் உள்ளே கசிகிறவனுக்கு மயக்கம்தான் வரும், சத்தம் வராது. ரெண்டாவது அர்த்தம் எந்தப் புஸ்தகத்திலும் நான் படித்ததில்லை. நம்ம ஜனங்கள் ஆஸ்பத்திரியில் கத்தமாட்டார்கள். வீட்டில் கத்துவோம், தெருவில் கத்துவோம், குழாயடியில் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டினால் செருப்பைக் கழட்டிவிட்டு ஓரமாக நிற்போம். சத்தத்தை வைத்து வண்ணம் பிரித்தால் நாம் எப்பவும் பச்சைதான்.

எலி பேஸ்ட் தின்ற ஒரு பொண்ணை ஒருமுறை கொண்டுவந்தார்கள். அது சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. வயிற்றைக் கழுவினோம், ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது, வீட்டில் கூட்டிட்டுப் போறோம் என்றார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் அப்படித்தான், ரெண்டு மூணு நாள் சும்மா இருக்கும், அப்புறம் ஈரலைப் பிடிக்கும். கண்ணு மஞ்சளாகிற நேரத்தில் ஓடி வந்தால் கையில் ஒண்ணும் இருக்காது. "சிரிக்குதுன்னு அனுப்பாதீங்க" என்று அன்றைக்கு டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டார். அதற்குள் எனக்கு இருபது வருஷ அனுபவம் ஆகிவிட்டிருந்தது. இருபது வருஷம் காத்திருக்காமல் அந்தக் குரல் எப்படி வரும் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.

அந்த ரெண்டு பையன்களைப் பற்றிச் சொன்னேனே, அவங்க ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படித்தவங்க. டாக்டருக்குக் கீழே, நர்ஸுக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரில் பி.ஏ. என்று சொன்னால், எந்த மந்திரிக்கு என்று கேட்கிறார்களாம். அமெரிக்காவில் 1965இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் கடற்படையிலிருந்து வந்த மருத்துவ உதவியாளர்கள் நாலு பேரை வைத்து இந்தப் படிப்பு ஆரம்பமானது. அதே வருஷம் கொலராடோவில் லொரேட்டா ஃபோர்டு என்கிற நர்ஸும் ஒரு குழந்தை மருத்துவரும் சேர்ந்து நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கினார்கள். நர்ஸே நோயாளியைப் பார்த்து, முடிவெடுத்து, மருந்து எழுதலாம் என்று. நம்ம நாட்டில் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியன் முயற்சியில் வந்தது. இன்றைக்கு அது இருக்கிற முகப்பேர் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். 2021இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில் சட்டத்தில் இவங்களுக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பையன் இதைப் பெருமையாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டமும் இல்லாமல் சட்டமும் இல்லாமல் சின்ன ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க நர்ஸுதான் அந்த வேலையைப் பார்க்கிறாள். டாக்டர் மாடியில் தூங்குவார், இல்லை போனில் இருப்பார். சரியாகப் போனால் டாக்டர் காப்பாத்தினார், தப்பாகப் போனால் சிஸ்டர் என்ன பண்ணிட்டிருந்தா?

மாடியில் நாங்கள் செய்வது பெரும்பாலும் நாடகம். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி போனில் டாக்டர். டாக்டராக நடிக்கிறவள் எரிந்து விழணும், அதுதான் விதி. எப்படிச் சொல்லணும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நான் யார், யாரைப் பற்றிப் பேசுகிறேன், இப்போ என்ன நடக்கிறது, முன்னாடி என்ன இருந்தது, எனக்கு என்ன தோணுகிறது, உங்களிடம் என்ன வேணும். "சார், கேஷுவாலிட்டி நர்ஸ் பேசுறேன். ஐம்பத்தஞ்சு வயசு ஆம்பளை, அரை மணி நேரமா நெஞ்சு வலி, பி.பி. 90, வேர்க்குது. சுகர் இருக்கு. ஈ.சி.ஜி. எடுத்துட்டேன், மாறியிருக்கு. ஹார்ட் அட்டாக்னு நெனைக்கிறேன். நீங்க இப்பவே கீழ வரணும்." இந்த வரிசை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. கப்பலில் கீழே இருக்கிறவன் மேலதிகாரியிடம் ஆபத்தைச் சொல்லத் தயங்கினால் எல்லாரும் மூழ்கணும். அதனால் அவனுக்கு ஒரு வாய்ப்பாடு செய்து கொடுத்தார்கள்.

பொண்ணுங்க எல்லாத்தையும் சொல்லிவிடுவார்கள். "எனக்கு என்ன தோணுகிறது" என்கிற இடத்தில் நின்றுவிடும். ஒரு பொண்ணு, திருத்தணிப் பக்கம், அப்பா செங்கல் சூளை. மூணு வாரம் அந்த இடத்திலேயே நின்றது. "எனக்குத் தோணுறதை யாரும்மா கேட்டாங்க?" என்றது. நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. வேறொருத்திதான், "அப்ப நான் கேக்குறேன், சொல்லு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

இன்னொன்று, மருந்து சொன்னால் திருப்பிச் சொல்வது. டாக்டர் போனில் "ஒரு ஆம்பூல் கே.சி.எல். போட்டுடு" என்பார். அது பொட்டாசியம். ட்ரிப்பில் கலந்து மெதுவாக ஏற்றணும் என்று அவர் நினைத்திருப்பார். நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் திருப்பிக் கேட்கணும்: "சார், ஒரு ஆம்பூல், அஞ்சு நூறு மில்லி என்.எஸ்.ல கலந்து, எத்தனை மணி நேரத்துக்கு?" என்னிடம் வருகிற ஒரு பொண்ணு அப்படிக் கேட்டதற்கு, "இதுகூடத் தெரியாதா, கோட்டாவுல வந்தியா?" என்று பதில் வந்தது. அவள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். அழுதது சரி, ஆனால் கேட்டியா என்றேன். "ரெண்டாவது தரமும் கேட்டேம்மா. நாலு மணி நேரம்னாரு." அன்றைக்கு அந்த நோயாளி உயிரோடு வீட்டுக்குப் போனது கோட்டாவில்தான்.

இந்த ஆஸ்பத்திரிகளில் புதுசாக வருகிறவளுக்கு முறையாகக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் குறைவு. ரெண்டு நாள் கூடவே நிற்க வைப்பார்கள், மூணாம் நாள் தனி டூட்டி. சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டிக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. ரெண்டு வருஷம் பாண்டு. 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழே இருக்கிற ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரை செய்தது. என் மாடிக்கு வருகிறவர்களில் யாரும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்ததில்லை. சம்பளத்துக்குச் சங்கம் வேண்டும், மாடி போதாது. தெரிந்துதான் பேசுகிறேன்.

அவங்களிடம் மனப்பாடம் பண்ணச் சொல்கிறது மருந்து மட்டும் இல்லை. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: போலீஸ் வரட்டும், பேப்பர் வரட்டும் என்று அடிபட்டவனைக் காக்கவைக்கக் கூடாது, உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை, அது அரசு ஆஸ்பத்திரி என்றாலும் தனியார் என்றாலும். ரோட்டில் அடிபட்டு வருகிறவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஒரு வரம்பு வரைக்கும் அரசே ஏற்கிற திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்லக் கூடாது. சி.டி.எச். ரோட்டில் லாரி அடித்து வருகிற ஆளின் பொண்டாட்டிக்கு இதையெல்லாம் சொல்ல அந்த நேரத்தில் நர்ஸைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

2024 கோடைக்காலம். அந்தத் திருத்தணிப் பக்கத்துப் பொண்ணு வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம். மத்தியானம் ஒரு மினி வேனில் ரெண்டு பேரைக் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செப்டிக் டேங்க் சுத்தம் பண்ண இறங்கியவர்கள். முதலில் ஒருத்தர் இறங்கி விழுந்தார், அவரைத் தூக்க இன்னொருத்தர் இறங்கினார். டேங்கின் அடியில் தேங்குகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு அதிகமானால் மூக்கு செத்துவிடும், நாத்தமே தெரியாது. அதனால்தான் ரெண்டாவது ஆளும் விழுவான். உடம்பு முழுக்க மலம். ஆயா கிட்டே வரவில்லை. வார்டு பாய் ஸ்ட்ரெச்சரை வாசலில் நிறுத்திவிட்டான். டூட்டி டாக்டரும் சின்னப் பையன்தான், கதவருகே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாராம்.

அவள் கத்தினாளாம். மாடியில் மூணு வாரம் வாய் வராத பொண்ணு. "துணியக் கிழிங்க! துணியில விஷம் இருக்குது, கழட்டிக் கழுவணும்! சார், ஆம்பு பை நான் பிடிக்கிறேன், நீங்க நெஞ்ச அழுத்துங்க!" வாயோடு வாய் வைத்து ஊதக்கூடாது, ஊதுகிறவனுக்கும் அது ஏறும், அதையும் சொன்னாள். டாக்டர் கைக்குட்டையைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், கூப்பிட்டதும் வந்தார். முதலில் இறங்கியவர் வரும்போதே போயிருந்தார். ரெண்டாவது ஆளுக்கு நாடி இருந்தது. ஆக்ஸிஜன் வைத்து, கழுவி, 108இல் ஏற்றிக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அவர் பிழைத்தார்.

எனக்குப் போன் வந்தது அதற்கப்புறம். பாத்ரூமிலிருந்து பேசினாள், தண்ணிக் குழாய் சத்தம் கேட்டது. "அம்மா, மாத்தி எழுதச் சொல்றாங்க." கூட வந்த ஆள் சொன்னதை நர்ஸ் குறிப்பில் நேரத்தோடு எழுதியிருக்கிறாள்: செப்டிக் டேங்கிற்குள் வேலைக்கு இறங்கியபோது மயங்கி விழுந்ததாக. ஒப்பந்தக்காரரும் குடியிருப்பு ஆட்களும் வந்து மேனேஜர் ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள். போலீசுக்குப் போகிற ஏ.ஆரில் "நடந்து போகும்போது கால் தவறி விழுந்தார்" என்று போடணுமாம். அதற்கு இவள் குறிப்புத் தாள் இடைஞ்சல்.

அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கிற சட்டம் 2013இல் வந்தது. இப்படிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. "கால் தவறி" என்று எழுதிவிட்டால் அந்தப் பொண்டாட்டி அந்தப் பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவாள்? இறக்கிவிட்டவன்மேல் வழக்கு எங்கே நிற்கும்?

எல்லாம் தெரிந்தும் நான் உடனே பதில் சொல்லவில்லை. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவள் சர்டிபிகேட் அவங்களிடம் இருந்தது. சூளையில் அவங்க அப்பாவுக்கு அட்வான்ஸ் கடன் இருந்தது. "விட்டுடும்மா, தாளைக் கொடுத்துடு" என்கிற வார்த்தை என் வாயில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தச் சாவிக்கொத்தைக் கொடுத்த சிஸ்டர் என் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தாள். "நீயே யோசிச்சுக்கோ, எதுவானாலும் நான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அது ஒரு பதிலா?

அவள் போனாள். மேனேஜர் முன்னாடி நின்று சொன்னாளாம்: "சார், நான் எழுதினது எனக்குச் சொன்னதைத்தான். மாத்தணும்னா, அடிச்சு எழுதி, பக்கத்துல நீங்க கையெழுத்துப் போடுங்க. தாளைக் கிழிக்கமாட்டேன்." யாரும் கையெழுத்துப் போடவில்லை. அந்தச் சின்ன டாக்டர் ஏ.ஆரை எடுத்து, அவள் எழுதினதை அப்படியே பார்த்து எழுதினார். அவர் ஏன் எழுதினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நல்லவராக இருக்கலாம். இல்லை, அழிக்கவே முடியாத ஒரு தாள் முன்னாடி இருந்ததனால் வேறு வழியில்லாமல் இருக்கலாம்.

அடுத்த வாரமே அவளைக் கேஷுவாலிட்டியிலிருந்து எடுத்து பிரசவ வார்டில் போட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. பாண்டு முடிகிற வரைக்கும் அங்கேதான் இருந்தாள். எங்க பாட்டி வேலை என்று நான் கிண்டல் பண்ணினேன். செத்தவரின் சம்சாரம் வக்கீல் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்து ஏ.ஆர். நகல் வாங்கிக்கொண்டு போனது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பணம் வந்ததா என்று கேட்காதீர்கள், வரவில்லை.

என் வீட்டுக் கூடத்தில் சாவித்திரிபாய் பூலே படம் ஒன்று மாட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம் நடத்தினவங்க என்று எல்லாரும் சொல்வார்கள். 1897இல் புனேயில் பிளேக் வந்தபோது நோயாளிகளைப் பராமரித்து, அதே நோயில் மார்ச் 10ஆம் தேதி செத்துப்போனவங்க என்பதை நான் பொண்ணுங்களுக்குச் சொல்வேன். பிளேக் கண்ட ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்து மகன் நடத்திய வைத்தியசாலையில் சேர்த்தார்கள். "அவங்களும் நர்ஸாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். அப்படித்தான் என்றேன்.

போன ஞாயிறு ரெண்டு புதுப் பொண்ணுங்க வந்தாங்க. ஒண்ணு திண்டிவனம் பக்கம், இன்னொண்ணு பொன்னேரி. திண்டிவனத்துப் பொண்ணை மாடியின் அந்தக் கடைசியில் நிற்கச் சொன்னேன். அவளைக் கேள்வி கேட்டது நான் இல்லை, பிரசவ வார்டுக்காரி. பாண்டு முடிந்து சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு இப்போ வேறு ஆஸ்பத்திரியில், கேஷுவாலிட்டியிலேயே சேர்ந்திருக்கிறாள். "பேரு சொல்லு" என்றாள். அந்தப் பொண்ணு சொன்னது. அண்ணனூர் பக்கம் போகிற மின்சார ரயில் சத்தம் போட்டுக்கொண்டு போனது. "கேக்கல, இன்னொரு தரம்" என்றாள் இவள். நான் டீத் தண்ணி கொதிக்கிறதைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனேன்.